ரத்தம் எடுத்தவர் என்ன சொன்னார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

சர்க்கரைப் பரிசோதனை பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் ஒருவர், "ரத்தம் எடுக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்? ஊசி குத்தத் தெரியும், அவ்வளவுதான்" என்றார். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் இடைநிலை ஆசிரியை. எல்லாப் பாடமும் நடத்தியிருக்கிறேன், பிடித்தது வரலாறு. எதுவும் உறுத்தினால் அதன் பழைய தேதியைத் தேடிப் போவது பழக்கம். இந்த முறை போய் நின்ற இடம் 1799.

அந்த ஆண்டு டிசம்பர் 12. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் பதவியிலிருந்து இறங்கி மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. வர்ஜீனியாவில் மவுண்ட் வெர்னன் என்ற தன் பண்ணையைச் சுற்றிப் பார்க்கக் குதிரையில் கிளம்பினார். பனியும் ஆலங்கட்டியும் கொட்டிய நாள். ஈர உடையோடு வந்து அப்படியே சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் தொண்டை வலி. 14-ஆம் தேதி விடிவதற்கு முன்பே மூச்சு விடவும் பேசவும் முடியாமல் திணறினார். மருத்துவர் வந்து சேர நேரமாகும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று பண்ணையின் மேற்பார்வையாளர்களில் ஒருவரான ராலின்ஸ் என்பவரைக் கூப்பிடச் சொன்னார். ரத்தத்தை வெளியேற்றினால் நோய் இறங்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ராலின்ஸுக்கு அதில் கைப்பழக்கம் உண்டு.

பக்கத்திலேயே இருந்த செயலாளர் டோபியாஸ் லியர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். ராலின்ஸ் பதறியிருக்கிறார். பயப்படாதே என்று நோயாளியே தைரியம் சொல்லியிருக்கிறார். கீறியதும், போதாது, இன்னும் வரட்டும் என்றிருக்கிறார். மனைவி மார்த்தாவுக்கோ பயம். அதிகம் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறார். லியர் கட்டை அவிழ்க்கப் போனால் வாஷிங்டன் கையை உயர்த்தித் தடுக்கிறார். கடைசியில் அரை பைண்ட் அளவில் நிறுத்தினார்கள் என்பது லியரின் குறிப்பு. நம் கணக்கில் சுமார் 240 மில்லி.

அதன்பின் மருத்துவர்கள் வந்தார்கள். முதலில் ஜேம்ஸ் கிரெய்க், பிறகு எலிஷா டிக், கஸ்டவஸ் பிரவுன். மறுபடியும் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். கடைசி முறை மட்டும் 32 அவுன்ஸ், அதாவது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் இரண்டு லிட்டருக்கு மேல் போயிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மூவரில் வயதில் இளையவரான டிக், இனிமேல் எடுக்க வேண்டாம், அவருக்கு உடம்பில் பலம் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். மூத்தவர்கள் கேட்கவில்லை. அன்று இரவு பத்து மணிக்கு மேல் வாஷிங்டன் இறந்தார். தொண்டைக்குள் இருக்கும் மூடி வீங்கி மூச்சை அடைத்திருக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவர்கள் பலரின் கணிப்பு. அதனால் ரத்தம் எடுத்ததுதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் டிக் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று அந்த மூவரில் ஒருவரே பிறகு கடிதத்தில் வருந்தி எழுதினார்.

என்னை நிறுத்தியது வேறொரு சின்ன விஷயம். கிரெய்க்கும் டிக்கும் பத்திரிகைக்குக் கொடுத்த அறிக்கையில், தாங்கள் வருவதற்கு முன் ஒருவர் ரத்தம் எடுத்திருந்தார், அது 12 அல்லது 14 அவுன்ஸ் இருக்கும் என்கிறார்கள். லியர் எழுதியதோ அரை பைண்ட். அது 8 அவுன்ஸ்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு டம்ளர் அளவு வித்தியாசம். ஒரு நாட்டின் மிகப் பெரிய மனிதரின் உடம்பிலிருந்து காலையில் எவ்வளவு ரத்தம் போனது என்பதில், அறையில் இருந்தவருக்கும் மருத்துவர்களுக்கும் ஒரே எண் இல்லை. அந்த எண்ணை நேராக அறிந்தவர் ராலின்ஸ். அவர் என்ன சொன்னார், அவரிடம் யாராவது கேட்டார்களா, எந்தப் பதிவிலும் இல்லை. மருத்துவர்களின் அறிக்கையில் அவருக்குப் பெயர்கூட இல்லை, ஊர்ப் பக்கத்தில் ரத்தம் எடுக்கும் ஒருவர், அவ்வளவுதான்.

ரத்தம் எடுப்பவரை இன்று ஃபிளபாட்டமிஸ்ட் என்கிறார்கள். நாளத்தைக் கீறுவது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் நெடுங்காலம் இது நாவிதர் வேலை. இங்கிலாந்தில் நாவிதர்களையும் அறுவை செய்வோரையும் 1540-ல் ஒரே சங்கமாக்கி, 1745-ல்தான் பிரித்தார்கள். நம் ஊரிலும் முடிதிருத்துவோரை மருத்துவர் என்றும், அவர் வீட்டு அம்மாவை மருத்துவச்சி என்றும் அழைத்தோம். பிரசவம் பார்க்க, கட்டி கீற அவர்கள் வேண்டும், ஆனால் திண்ணையில் சமமாக உட்கார வைக்க மாட்டோம். உடம்பைத் தொட்டு வேலை செய்பவரின் பேச்சுக்கு மதிப்புக் குறைவு என்பது கடல் கடந்தும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளை எண்ணிப் பார்த்து, ரத்தம் எடுப்பதால் பெரிய பலன் இல்லை என்று காட்டினார். பழைய நம்பிக்கை மெல்லச் சரிந்தது. அதற்குப் பிறகு ரத்தம் எடுப்பது நோயைத் துரத்த அல்ல, நோயை அறிய என்று ஆனது. இந்த ஒரு மாற்றத்தில் வேலையின் குணமே மாறிவிட்டது. முன்பு ரத்தம் கிண்ணத்தில் விழுந்தது, கொட்டினார்கள். இப்போது அது ஒரு செய்தி. ஒருவர் எடுத்து, இன்னொருவர் கொண்டுபோய், வேறொருவர் படித்து, மற்றொருவரிடம் சொல்ல வேண்டும். செய்தி என்றால் மேலே முகவரி வேண்டுமே!

அந்த முகவரி உயிர்ப் பிரச்சினை ஆனது 1901-ல். வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் மனித ரத்தத்தில் வகைகள் உண்டு என்று வெளியிட்டார். 1930-ல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1907-ல் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பர்க் வகை பார்த்து ரத்தம் ஏற்றினார். அதுவரை யாருடைய ரத்தம் யாருக்கு ஒத்துப்போகும் என்பது அதிர்ஷ்டம். அதன்பிறகு அது கேள்வி. குழாயில் இருப்பது முனியம்மாள் ரத்தமா மாரியம்மாள் ரத்தமா என்பது மாறிப்போனால் ஒருவர் சாகலாம். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் ரத்தத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சிவப்பு. யாருடையது என்று தெரிந்தவர் ஒருவர்தான். படுக்கையருகே நின்று எடுத்தவர்.

இந்த இடத்தில் எனக்கு வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வரும். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் ஆறாம் வகுப்பில் மூன்று முத்துலட்சுமிகள். மூ.முத்துலட்சுமி, க.முத்துலட்சுமி, இன்னொரு க.முத்துலட்சுமி. "முத்துலட்சுமி" என்று கூப்பிட்டால் தூங்கி வழியும் எந்தப் பிள்ளையும் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிடும். பெயரை நாம் சொல்லி ஆமா என்று கேட்பதற்கும், அவர்களையே சொல்லச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் ஆசிரியர்களுக்குத் தெரியும். மருத்துவமனையிலும் இதே விதிதான். "நீங்கதான் ராமசாமியா?" என்று கேட்கக்கூடாது. காய்ச்சலில் கிடப்பவர், காது கேளாதவர், பயந்தவர் எல்லோரும் தலையாட்டுவார்கள். "உங்க பேரு என்னங்கய்யா? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு அவர் வாயால் வரவழைக்க வேண்டும். அதைச் சீட்டோடும் கையில் கட்டிய பட்டையோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஜாயிண்ட் கமிஷன், குறைந்தது இரண்டு அடையாளங்கள் பார்த்தே தீர வேண்டும் என்பதை 2003-ன் பாதுகாப்பு இலக்குகளில் முதலாவதாக வைத்தது. படுக்கை எண் அடையாளம் ஆகாது. படுக்கை அங்கேயே இருக்கும், ஆள் மாறுவார்.

பிரிட்டனில் 1996 முதல் ஷாட் என்ற ஓர் ஏற்பாடு நடக்கிறது. ரத்தம் ஏற்றுவதில் நேர்ந்த தவறுகளையும், நேர இருந்து கடைசி நிமிடத்தில் பிடிபட்ட தவறுகளையும் மருத்துவமனைகள் அதற்கு எழுதி அனுப்புகின்றன. ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுகிறார்கள். யார் செய்தது என்ற பெயர் அதில் இருக்காது, எப்படி நடந்தது என்பது இருக்கும். ஒருவர் பெயர் ஒட்டிய குழாயில் இன்னொருவர் ரத்தம் என்பது வருடா வருடம் நூற்றுக்கணக்கில் வருகிறது. பெரும்பாலும் காரணம் எளியது. ரத்தம் எடுத்துக்கொண்டு நர்ஸ் மேசைக்கு வந்து, அங்கே வைத்துப் பெயர் எழுதியிருப்பார்கள். அல்லது முன்கூட்டியே லேபிள் ஒட்டிய காலிக் குழாய்களோடு வார்டுக்குள் போயிருப்பார்கள். அதனால் அங்கே ரத்தம் பொருத்திப் பார்க்கும் மாதிரிக்கு, படுக்கையருகிலேயே நின்று, எடுத்த பிறகு, கையால் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அங்கேயே அச்சடிக்கும் கருவி இருந்தால் தவிர, கணினியில் முன்கூட்டி அடித்த ஸ்டிக்கர் செல்லாது. கணினி யுகத்தில் கையெழுத்துக்கு இருக்கும் இந்த மரியாதையைப் படித்தபோது, காப்பிநோட்டு திருத்தியே கண் கெட்ட எனக்குச் சின்ன சந்தோஷம்.

பெயருக்கு அடுத்தது நிறம். அமெரிக்காவில் ஜோசப் கிளைனர் என்பவர் காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாயை உருவாக்கினார். ஊசியைச் செருகினால் குழாயே ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் 1940-களின் கடைசியில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் குழாய்களின் மூடிக்கு நிறம் வந்தது. ஊதா மூடிக்குள் ரத்த அணுக்களை எண்ணுவதற்கான மருந்து. வெளிர் நீலத்தில் உறைதலைச் சோதிக்க. சாம்பல் நிறம் சர்க்கரைக்கு. ஏனென்றால் வெளியே எடுத்த பிறகும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரணக் குழாயில் மணிக்கு ஐந்து சதவீதத்துக்குமேல் குறையும். சாம்பல் மூடிக்குள் இருக்கும் ஃபுளோரைடு அதைத் தடுக்கும். ரத்தம் எடுப்பவரும் ஆய்வுக்கூடத்தில் இருப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பேசிக்கொள்ளும் மொழி இது. போக்குவரத்து விளக்கைப் போல. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

ஆனால் நிறத்தால் சொல்ல முடியாதவை நிறைய. குழாய்களை எந்த வரிசையில் நிரப்பினார் என்பது வெளியே தெரியாது. ஊதாக் குழாய் மருந்தில் பொட்டாசியம் உண்டு. அதை முதலில் நிரப்பி, அதன் துளி அடுத்த குழாயில் கலந்தால் நோயாளிக்குப் பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியதுபோலவும் கால்சியம் இறங்கியதுபோலவும் காட்டும். உடம்பில் இல்லாத நோய் குழாயில் பிறக்கும். நீலக் குழாயைக் கோடு வரை நிரப்பாவிட்டால் உறைதல் நேரம் பொய் சொல்லும். சிரமப்பட்டு இழுத்ததில் அணுக்கள் உடைந்தால் மறுபடியும் பொட்டாசியம் கூடும். ஐந்து குத்துக்குப் பிறகு கிடைத்தது, நோயாளி காலையில் டீ குடித்துவிட்டார், மாத்திரை போட்டு அரை மணிதான் ஆகிறது, இதெல்லாம் எடுத்தவருக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள். இவற்றை அவர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண் டி.எம்.எல்.டி. முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இந்தப் பதிவுக்காக அவளிடம் நிறையக் கேட்டேன். அவள் சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அதிகாலை ஐந்து மணி சுற்று. ஒரு பெரியவருக்கு வலது கையில் டயாலிசிஸ் செய்ய அமைத்த ரத்தக்குழாய் இணைப்பு, அதைத் தொடக்கூடாது. இடது கையில் குளுக்கோஸ் ஓடுகிறது. ட்ரிப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தித் தரும்படி நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். அந்த நர்ஸுக்கு முப்பது நோயாளிகள், இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. "நீ எடும்மா, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துடுவார், ரிப்போர்ட் கேப்பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவள் எடுத்தாள். ஆனால் சீட்டின் ஓரத்தில், "இடது கை, ட்ரிப் ஓடும்போது எடுத்தது" என்று எழுதி வைத்தாள்.

சர்க்கரை 600-க்கு மேல் வந்தது. சீட்டைப் பார்த்த ஆய்வுக்கூட டெக்னீசியன் சந்தேகப்பட்டு வார்டுக்குப் போன் போட்டார். அங்கே இன்சுலின் போட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். ட்ரிப்பை நிறுத்தி, காத்திருந்து, மறுபடி எடுத்தார்கள். 140. அந்தப் பெரியவருக்கு இன்சுலின் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சர்க்கரை நோய் உள்ள நம் எல்லோருக்கும் தெரியும்.

"அப்புறம் உன்னைப் பாராட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். ரிப்போர்ட் சீட்டுல கண்டதையும் எழுதக்கூடாது, பேஷண்ட் வீட்டுல பாத்தா பிரச்சினை ஆகும்னு சூப்பர்வைசர் திட்டினாரு."

"இப்பவும் எழுதுறியா?"

"போன்ல சொல்லிடுறேன் டீச்சர். யாரு எடுத்தாங்க, எத்தனை மணிக்கு சொன்னேன்னு என் நோட்டுல குறிச்சுக்குவேன்."

ராலின்ஸுக்கு அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் 8 அவுன்ஸா 14 அவுன்ஸா என்று நமக்கும் தெரிந்திருக்கும்.

இது அவள் அனுபவம் மட்டுமல்ல. இத்தாலியின் பதுவா நகரில் ஓர் அவசர ஆய்வுக்கூடத்தில் நடந்த பிழைகளை எண்ணி 1997-ல் வெளியிட்டார்கள். 68 சதவீதப் பிழைகள் மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பே நடந்தவை. கருவியின் கட்டத்தில் நடந்தது 13 சதவீதம்தான். நாமோ பெரிய கருவி இருக்கிறதா என்று கேட்டு ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

இதுவரை சொன்னது ரத்தம் போகும் வழி. முடிவு திரும்பி வரும் வழி ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் முடிவைத் தாளில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஆள் வந்து எடுத்துப் போவார். வார்டில் கோப்பில் சேரும். மருத்துவர் பார்க்கும்போது பார்ப்பார். சாகக் கிடப்பவரின் முடிவும், சும்மா பரிசோதனைக்கு வந்தவரின் முடிவும் ஒரே பெட்டியில் ஒரே வேகத்தில் போகும். லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் லுண்ட்பெர்க் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். சில எண்கள் வந்தால் தாளுக்காகக் காத்திருக்கக் கூடாது, ஆய்வுக்கூடமே உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றார். பதற்ற எண்கள் என்று பெயர் வைத்தார். பதற வேண்டியது யார் என்ற கேள்வி வந்ததோ என்னவோ, பிறகு நெருக்கடி மதிப்புகள் என்று பரவலாக மாற்றிக்கொண்டார்கள். இன்று நம் நாட்டிலும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இப்படி ஒரு பட்டியல் இருந்தாக வேண்டும்.

எனக்கு லுண்ட்பெர்க்கைப் பிடித்துப்போனதற்குக் காரணம் 1981-ல் அவர் எழுதிய இன்னொன்று. ஒரு பரிசோதனை மருத்துவரின் மூளையில் தொடங்கி அவர் மூளையிலேயே முடிகிறது, நடுவில் ஒன்பது படிகள் என்றார். கேட்பது, எடுப்பது, அடையாளம் இடுவது, கொண்டுபோவது, பிரிப்பது, ஆய்வது, தெரிவிப்பது, புரிந்துகொள்வது, செயல்படுவது. ஒன்பதில் ஒன்றுதான் ஆய்வு. இரண்டாவது, மூன்றாவது படிகளில் நிற்பவர், நம் நண்பர் சொன்ன "ஊசி குத்தத் தெரிந்த பிள்ளை".

போனில் சொன்னால் போதுமா? எண்களைச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் மருத்துவமனைகளில் தமிழில் பேசிக்கொண்டே வந்து, எண் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். பதினைந்தையும் ஐம்பதையும் தமிழில் யாரும் குழப்ப மாட்டார்கள். ஃபிப்டீனும் ஃபிப்டியும் இரைச்சலில் ஒன்றாகத்தான் கேட்கும். அதற்காகக் கண்டுபிடித்த வழி, ஒன்றாம் வகுப்பு டீச்சர் தினமும் செய்வது. "எங்கே, திருப்பிச் சொல்லு." கேட்டவர் எழுதிக்கொண்டு, எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 822 அழைப்புகளைக் கவனித்தார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னபோது 29-ல் தவறு தெரிந்தது. அந்த இடத்திலேயே திருத்தினார்கள். 29 பேர் என்றால் ஒரு வகுப்பு.

நம் மாணவி சொல்கிறாள், திருப்பிச் சொல்லுங்கள் என்று நர்ஸிடம் கேட்கலாம், டாக்டரிடம் கேட்பது கஷ்டம் என்று. "எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சியா" என்று கேட்டுவிடுவார்களாம். வயதில் இளைய டிக் சொன்னதை 1799-ல் மூத்தவர்கள் கேட்காததற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழியை எடுத்தாண்டது. கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் பழகிய முறையாம். கீழே உள்ளவர் மேலே உள்ளவரிடம் பேசும்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்யலாம் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்பவர் யார் என்று பார்க்காமல் சொல்வதைக் கேட்க அது ஒரு சட்டகம். நீர்மூழ்கிக்குள் பதவி பார்த்துக்கொண்டிருந்தால் எல்லோரும் சேர்ந்து மூழ்க வேண்டியதுதான்!

சரி, இதெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து. எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2018 டிசம்பர் 3. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். ரத்தசோகைக்கு ஏற்றியது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். பாதுகாப்பானது என்ற முத்திரையோடு வந்தது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் தொற்றியது. செய்தி வெளியானபோது தமிழ்நாடே அதிர்ந்தது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

எல்லோரும் பேசியது பரிசோதனையில் எப்படிக் கோட்டைவிட்டார்கள் என்பது பற்றி. ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நடவடிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு தேதி இருக்கிறது. ரத்தம் கொடுத்த அந்த இளைஞர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே பரிசோதனையில் தொற்று தெரிந்திருக்கிறது. தெரிந்த செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. இரண்டு ஆண்டு. எங்கோ ஒரு பதிவேட்டில் அந்த எண் இருந்தது. ஒரு ஊழியரின் மேசையிலிருந்து இன்னொருவரின் மேசைக்கோ, ஒரு ரத்த வங்கியிலிருந்து இன்னொன்றுக்கோ, அவருக்கோ அது நகரவில்லை. லுண்ட்பெர்க் சொன்ன ஒன்பது படிகளில் ஆய்வு வரை நடந்து, தெரிவிப்பது என்ற படியில் நின்றுவிட்டது. ஒன்றும் தெரியாத அந்தப் பிள்ளை நல்லது செய்கிறோம் என்று நம்பி 2018-ல் மறுபடியும் கையை நீட்டியது.

ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் அந்த இரண்டு ஆண்டு மௌனம் எப்படி நேர்ந்தது என்பது நமக்குத் தெரியவராது. பயந்தவர் அடுத்த முறை வாயை இன்னும் இறுக மூடிக்கொள்வார். பிரிட்டனில் பெயரைக் கேட்காமல் நடந்ததைக் கேட்கிறார்கள் என்று மேலே எழுதினேனே, அதை நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் உண்மை எப்படி வெளியே வந்தது தெரியுமா? வெளிநாட்டு வேலைக்காக அந்த இளைஞர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டார். தொற்று இருப்பது தெரிந்தது. உலகமே இடிந்து விழுந்த அந்த நேரத்தில் அவருக்குத் தான் கொடுத்த ரத்தத்தின் நினைப்பு வந்திருக்கிறது. தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று அவரே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அத்தனை சீட்டும் முத்திரையும் பதிவேடும் இருந்த அந்தச் சங்கிலியில், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்குள் ரத்தம் ஏறியிருந்தது.

அந்த டிசம்பர் முடிவதற்குள் அவர் இறந்துபோனார். ஜனவரியில் அந்தப் பெண்ணுக்கு மதுரையில் குழந்தை பிறந்தது. பரிசோதித்துப் பார்த்ததில் குழந்தைக்குத் தொற்று இல்லை.